தபாலில் பாடம் படித்த ட்ரூயிடும் எங்கள் கருப்பரும்

மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களைக் கும்பிடும் பேகன்களோடு பழகியதுண்டா, குலதெய்வம் கும்பிடும் நாமும் பேகன்தானே, அவர்கள் சடங்கில் நம்மவர்கள் கலந்துகொள்ளலாமா என்று. முதல் கேள்விக்குப் பதில் ஆம், பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பழகுகிறேன். இரண்டாவதற்கும் ஆமாம் என்று அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளம். மூன்றாவதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

நான் சிவகங்கைப் பக்கம். செவிலியர் வேலைக்காக பிரிஸ்டலுக்கு வந்தவள். பிறந்த வீட்டுச் சாமி அய்யனாரும் அவர் கோவிலில் காவல் நிற்கும் கருப்பரும். பெரியப்பாதான் கருப்பருக்குச் சாமியாடி. ஆக, உடுக்கைச் சத்தமும் சல்லடமும் அரிவாளும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இங்கே வந்து இரண்டாவது வருடம், இரவுப் பணியில் என்னோடு இருந்த மூத்த செவிலியர் ஒருவர் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிப் பதக்கம் போட்டிருந்தார். மூன்று கோடுகள், மேலே மூன்று புள்ளிகள். "இது என்ன, பட்டை மாதிரி இருக்கிறதே" என்று கேட்டேன். "இது அவென், எங்கள் சின்னம். நான் ஒரு ட்ரூயிட்" என்றார். ரத்த அழுத்தம் குறித்துக்கொண்டே சொன்னார், நான் மதுரைக்காரி என்று சொல்வதுபோல.

ட்ரூயிட் என்பது கிறிஸ்தவத்துக்கு முன்னால் பிரிட்டனில் இருந்த பூசாரிகளின் பெயர். இன்று அவர்கள் வழியை எடுத்துக்கொண்ட பேகன்களுக்கும் அதே பெயர். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாற்பது வயதுக்கு மேல் ட்ரூயிட் ஆகியிருக்கிறார், அதுவும் தபால்வழிக் கல்வியில்! 1964-இல் ராஸ் நிக்கல்ஸ் என்பவர் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பு ஒன்று இருக்கிறது. பாணர், ஓவேட், ட்ரூயிட் என்று மூன்று படிநிலை, வீட்டுக்கே பாடம் வரும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சாமியாடுவதற்கு அஞ்சலில் பாடமா? பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சொல்லிக் கொடுக்க ஆள் இல்லன்னா எழுதித்தான் கத்துக்கணும்" என்றார்.

பேகன் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'பகானுஸ்' என்றால் முதலில் நாட்டுப்புறத்து ஆள், கிராமத்தான். ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் நகரங்களைப் பிடித்த பிறகு, பழைய தெய்வங்களை விடாதவர்களை அந்தப் பெயரால் சொல்ல ஆரம்பித்தார்கள். பட்டிக்காட்டான் என்று நாம் சொல்வதில் எவ்வளவு இளக்காரம் இருக்கிறதோ அவ்வளவும் அதில் இருந்தது. நமக்கும் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும் அவர் வழி வந்தவர்களும் நம் வழிபாட்டை அஞ்ஞானம் என்றே தமிழில் எழுதினார்கள். அதே சீகன்பால்க் 1713-இல் அய்யனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் என்று நம் ஊர்த் தெய்வங்களையெல்லாம் விசாரித்து ஒரு நூலாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார் என்பது வேடிக்கை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பலாமா என்று அங்கே இருந்த பெரியவர்கள் அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867-இல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில்.

இங்கே இருப்பவர்கள் அந்த வசவை எடுத்துத் தங்களுக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதினார்கள். பேகன்களில் சூனியத்தையே மதமாகக் கொண்ட பிரிவான விக்கா என்று தனியாக எழுதியவர்கள் சுமார் 13,000. எங்கள் ஊரில் அஞ்ஞானி என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. பேகன் என்பது ஒருவர் தானே தேர்ந்து சூட்டிக்கொள்கிற பெயர் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ஓரளவு நெருக்கமான கதை விக்காவுடையது. அதை உலகுக்குச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். பிறகு போர்னியோ, மலாயா ரப்பர் தோட்டங்கள், கடைசியில் ஜொகூரில் சுங்கத்துறை. 1936-இல் ஓய்வு பெறும்வரை அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி, நம் ராமநாதபுரத்துக்காரர்களும் திருச்சிக்காரர்களும் பஞ்சம் பிழைக்கப் போன அதே மண்ணில் கழிந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மனைக் கொண்டுபோய் வைத்த ஜனங்கள் அவர்கள். இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், நியூ ஃபாரஸ்ட் பக்கம் பழைய சூனியக்காரர் கூட்டம் ஒன்றில் 1939-இல் தீட்சை பெற்றதாகச் சொன்னார். சூனியத்துக்கு எதிரான 1735-ஆம் வருடச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்றே வருடத்தில் விக்கா பற்றிய அவருடைய நூல் வந்துவிட்டது. அவரோடு இருந்த டோரீன் வாலியன்டே என்ற பெண்மணிதான் சடங்குப் பாட்டுகளை அழகாகத் திருத்தி எழுதியவர். 'நிலவை இறக்குதல்' என்று ஒரு சடங்கு உண்டு. பூசாரிப் பெண் மேல் தேவியை வரவழைத்துப் பேசவைப்பது. கேட்டதும் நமக்கு அருள்வாக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் கூட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நான் பார்த்ததில்லை.

நான் பார்த்ததெல்லாம் என் தோழியின் ட்ரூயிட் குழுவைத்தான். முதலில் போனது அக்டோபர் 31 இரவு அவர் வீட்டுக்கு. அந்த நாளின் பெயரை சம்ஹெய்ன் என்று எழுதுகிறார்கள், வாயால் சொல்லும்போது 'சாவின்' என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் பாருங்கள். கோடை முடிந்து இருட்டு தொடங்கும் நாள், இறந்தவர்கள் பக்கத்தில் வந்துபோகும் நாள். அன்றைக்கு 'ஊமை விருந்து' என்று ஒன்று வைக்கிறார்கள். மேசையில் ஒரு தட்டு கூடுதல். இறந்தவர்களுக்கு. சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. "உன் முன்னோருக்குப் பிடித்தது எதையாவது கொண்டுவா" என்று சொல்லியிருந்தார்கள். ஈஸ்டன் பக்கம் ஒரு கடையில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வாங்கிப் போனேன், அம்மாச்சிக்கு.

எட்டுப் பேர். பூசணி சூப்பு, ரொட்டி, ஆப்பிள். கரண்டிச் சத்தம் மட்டும். எங்கள் வீட்டுப் படையலில் இந்த அமைதியை நினைத்தே பார்க்க முடியாது. இலை பத்தவில்லை, சுருட்டை எடுத்து வை, எவன்டா அது முறுக்கைத் தொட்டது என்று ஊரே கத்தும். இங்கே அந்த அமைதியில், இருபது நிமிடம் கழித்து, அம்மாச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வது ஞாபகம் வந்து நான் அழுதுவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். நான் அம்மாச்சி பெயரைச் சொன்னேன். அதை எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள், தப்பும் தவறுமாக.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், இது நம்ம படையலேதான் என்று. நாமும் பேகன்தான் என்று நான் சொல்லித் திரிந்த காலம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த வருடங்களில் சடங்குக்கு ஏவ்பரி போக ஆரம்பித்தேன். பழைய கல்வட்டங்களில் ஸ்டோன்ஹெஞ்சை எல்லோருக்கும் தெரியும். 1985-இல் அங்கே போக வந்த கூட்டத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதும், பிறகு பல வருடம் பகல் மிக நீண்ட கோடைத் திருப்புநாளில் யாரையும் விடாமல் வைத்திருந்ததும், 2000-இலிருந்து மறுபடி திறந்துவிட்டதும் பெரிய கதை. ஒரு முறை போனேன். ஆயிரக்கணக்கில் ஜனம், கைபேசி வெளிச்சம், பியர் வாடை, சூரியன் வரவேண்டிய நேரத்தில் மழை. போதும் என்று வந்துவிட்டேன். ஏவ்பரி வேறு மாதிரி. உலகிலேயே பெரிய கல்வட்டம் அது. அதற்கு உள்ளேயே ஊர் இருக்கிறது, ஊடாக ரோடு போகிறது, மதுக்கடை இருக்கிறது, ஆடு மேய்கிறது. வேலி கிடையாது, கல்லைத் தொடலாம். பாதிக் கற்களை முன்னொரு காலத்து ஊர்க்காரர்களே நெருப்பு மூட்டி, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் புதைந்து கிடந்தவற்றை 1930-களில் அலெக்சாண்டர் கீலர் என்ற பணக்காரர் தோண்டி நிமிர்த்தினார். ஊரும் சாமியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற இடம் எனக்குப் பழகியதுதான். அங்கே பீச் மரங்கள் சில உண்டு, வேரெல்லாம் மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும். கிளை முழுக்கத் துணி முடிச்சுகள். பிள்ளை வரம், நோய் தீர, செத்துப்போன நாய்க்கு என்று என்னென்னவோ. தொட்டில் மட்டும்தான் இல்லை.

சடங்கு இப்படி நடக்கும். வட்டமாக நிற்பார்கள். நாலு திசைக்கும் ஆள் நடந்துபோய் "அங்கே அமைதி இருக்கிறதா" என்று கேட்பார், கூட்டம் இருக்கிறது என்று சொல்லும். பிறகு திசைகளை அழைப்பார்கள். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணீர், வடக்கு மண். 'அவென்' என்று மூன்று தரம் நீட்டி ஓதுவார்கள். ரொட்டியும் தேன்மதுவும் கை மாறும். நடப்பது எப்போதும் வலமாக. அது எனக்கு இயல்பாக வந்தது. ஆனால் ஒரு தடவை தெற்கை அழைக்க என்னை நிறுத்திவிட்டார்கள். இவர்களுக்குத் தெற்கு வெயில், நடுப்பகல், வாலிபம். எனக்குத் தெற்கு எமன். வள்ளுவர்கூட முன்னோரைத் தென்புலத்தார் என்றுதானே சொல்கிறார்? 'நெருப்பே வருக' என்று எழுதிக் கொடுத்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், மனசு முழுக்கத் தாத்தா பாட்டிகள். மேற்குப் பக்கம்தான் இறந்தவர் உலகம் என்று அப்புறம் தோழி சொன்னார். உலகத்தையே கால் வட்டம் திருப்பி வைத்த மாதிரி இருந்தது.

இந்தச் சடங்கில் எது பழசு என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன், அவர்களும் ஒளிக்க மாட்டார்கள். கல்வட்டங்கள் பழங்கால ட்ரூயிடுகளுக்கே இரண்டாயிரம் வருடம் முந்தியவை. ட்ரூயிடுகள் கட்டினார்கள் என்பது 17, 18-ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்களின் ஊகம். பல ட்ரூயிட் கூட்டங்களில் சொல்லப்படும் பிரார்த்தனை, இயோலோ மார்கான்வக் என்ற வேல்ஸ் கல்தச்சர் எழுதியது. 1792-இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் கூட்டம் போட்டு, பழைய ஏட்டில் இருந்தது என்று தானே எழுதியதையெல்லாம் படித்த மனிதர். அபினிச் சாராயப் பழக்கமும் உண்டு, நல்ல கவிஞரும்கூட. வருடத்துக்கு எட்டுப் பண்டிகை என்ற சக்கரம் 1950-களில் ஒழுங்கானது. இலையுதிர்காலப் பண்டிகைக்கு 'மேபன்' என்று பெயர் வந்தது 1970-களில், அமெரிக்காவில். நம்மவர்கள் இதைக் கேட்டால் 'போலி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுசு என்று தெரிந்தே பக்தியாகச் செய்கிறார்கள், அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஆயிரம் வருடப் பழமை என்று நாம் சொல்லிக்கொள்ளும் கோவிலில், மண்குதிரையைத் தூக்கிவிட்டு சிமெண்ட் குதிரைக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, தரைக்கு வழுவழு டைல்ஸ் போட்டு, சுருட்டுப் பிடித்த சாமிக்கு லட்டு வைக்கிறோம். யார் அதிகம் மாற்றியவர்?

மற்ற மார்க்கத்தாரோடு உரசலும் உண்டு, சேர்த்தியும் உண்டு. எங்கள் வார்டில் அயர்லாந்துச் செவிலியர் ஒருவர், தினமும் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். பிப்ரவரி 1-ஆம் தேதி கோரைப்புல்லில் ஒரு சிலுவை பின்னிக்கொண்டு வருவார், அது புனித பிரிஜித் நாள். என் தோழிக்கு அதே நாள் இம்போல்க் பண்டிகை, அதே பிரிஜித் அவருக்குத் தேவி. ஒரே தேநீர் அறையில் ஒருத்தி புனிதை என்பார், ஒருத்தி தெய்வம் என்பார், இருவரும் அந்தப் புல் சிலுவையை ஒரே ஆணியில் மாட்டுவார்கள். கில்டேரில் அணைந்துபோயிருந்த பிரிஜித் சுடரை 1993-இல் மறுபடி ஏற்றியவர்கள் கன்னியாஸ்திரிகள்தான். வேளாங்கண்ணிக்கு மொட்டை போட நடந்து போகும் இந்துக்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என் சித்தி கதை வேறு. அவர் பெந்தெகொஸ்தேக்கு மாறி இருபத்தைந்து வருடம் ஆகிறது. படையல் சோற்றைத் தொடமாட்டார், விக்கிரகத்துக்கு வைத்தது என்பார். நான் கல்லைச் சுற்றி வரும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ல விட்ட பேயை அங்க போயி புடிச்சிருக்கியே" என்றார். அவர் சபைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனேன். தப்பட்டைக்குப் பதில் டிரம்ஸ். அந்நியபாஷை வந்து உடம்பு உதறி நின்ற சித்தியைப் பார்த்தேன். முதுகு வளைவது, மூச்சு இரைப்பது, கடைசியில் தண்ணீர் கேட்பது எல்லாம் அப்படியே பெரியப்பா. இதைச் சொன்னால் இருவருக்கும் கோபம் வரும், சொன்னதில்லை. ட்ரூயிட் வட்டத்தில் இது நடக்கவே நடக்காது. யாரும் ஆட மாட்டார்கள். தெய்வத்தை அழைப்பார்கள், வரவேற்பார்கள், முடிந்ததும் "இருக்க விரும்பினால் இருங்கள், போக விரும்பினால் போய்வாருங்கள்" என்று மரியாதையாக வழியனுப்புவார்கள். கருப்பரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களான ஓடின், தோர் இவர்களைக் கும்பிடும் கூட்டங்களில் சிலது, எங்கள் ரத்தத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் எங்கள் தெய்வம் என்கிறது. வெள்ளை இனவெறியர்கள் அந்தச் சின்னங்களைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஐஸ்லாந்தில் 1972-இல் தொடங்கிய ஆசாத்ரூ சங்கம் ஒருபால் திருமணம் நடத்திவைக்கிறது, அதற்காக வெளிநாட்டு வெறியர்களிடமிருந்து வசவுக் கடிதம் வாங்குகிறது. ஒரு குழுவுக்குப் போகுமுன் இங்கே யார் யார் வரலாம் என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். இதைத் தோழி எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது பலமாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ரத்தவழிச் சாமி என்பதைக் கேட்டு நான் முகம் சுளிக்கிறேனே, குலதெய்வம் என்றால் பிறகு என்ன?

2019-இல் தோழி என்னோடு ஊருக்கு வந்தார், புரவி எடுப்புக்கு. வேளாருக்கு முன்பே பிடிமண் கொடுத்து, அவர் குதிரைகளைச் செய்து சூளை வைத்து முடித்திருந்தார். வேளார் தெருவிலிருந்து குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையோரம் ஓட்டமும் நடையுமாக அய்யனார் கோவிலுக்குப் போகிற அந்த இரண்டு மைலும் அவர் செருப்பில்லாமல் வந்தார். முள் குத்தியதை இரவுதான் சொன்னார். பிடிமண் விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிழைப்புக்கு ஊர் மாறுகிறவர்கள் பழைய கோவிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துச் சாமி கும்பிடுவார்கள் என்று சொன்னேன். நீ எடுத்து வந்தாயா என்று கேட்டார். வெளிநாட்டு மண்ணை பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள், பயிர்நோய்க்காகத் தடை. திருநீறுதான் எடுத்து வந்தேன் என்றேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்கு எந்த மண்ணை எடுப்பது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆனதும் எனக்குப் புகுந்த வீட்டுச் சாமிதான் குலதெய்வம். அவரை வருடத்துக்கு ஒரு முறை மாமியாரோடு போய்க் கும்பிடுகிறேன், மரியாதையான தெய்வம்தான், ஆனால் இன்னும் வாங்க போங்க உறவுதான். அய்யனாரும் கருப்பரும் என் தம்பிக்குத்தான் சாமி. என்னை யாரும் கேட்கவில்லை. தோழி தெய்வத்தைத் தேர்ந்தெடுத்தவர். என் தம்பிக்குத் தெய்வம் பிறக்கும்போதே வந்தது. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. நாமும் பேகன்தான் என்று சொல்ல முடியாமல் போனது அங்கேதான். நாம் என்றால் யார்?

மறுநாள் கருப்பருக்குக் கிடாவெட்டு. தோழி முட்டைகூடச் சாப்பிடாதவர், பயந்துகொண்டே இருந்தேன். அய்யனார் சைவம் என்பதால் வெட்டுகிற நேரம் அவர் முன்னால் திரை போட்டு மறைப்பார்கள். அதைப் பார்த்ததும் தோழியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் வீட்டிலும் இதேதான். கணவர் பன்றிக்கறி வறுக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன்" என்றார். கிடா வெட்டியதைக் கண் மூடாமல் பார்த்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி கிடாவைப் பற்றி இல்லை. கொட்டு அடித்தவர்கள் தனியே வேலமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "சாமியை வரவழைத்ததே அவர்கள் அடித்த அடிதானே, ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று கேட்டார். அவர் நிற்கும் வட்டத்தில் முன் வரிசை பின் வரிசை கிடையாது. முப்பது வருடமாக அந்த வேலமரத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ வழக்கம் என்று முனகினேன். அவர் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரில் கொஞ்சம் சலசலப்பு, வெள்ளைக்காரி என்பதால் அடங்கிவிட்டது. நான் அவர் பின்னால் போனேனா என்றால், போனேன், சாப்பிட்டு முடித்த பிறகு, தண்ணீர் செம்போடு. அது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

இருட்டின பிறகு பெரியப்பா மேல் கருப்பர் இறங்கி வாக்குச் சொன்னார். தோழி வரிசையில் நின்றார். நெற்றியில் திருநீறை அப்பிவிட்டு, "நீ எந்த எல்லைக்காரி?" என்று அதட்டினார் கருப்பர். மொழிபெயர்த்தேன். தோழி நிதானமாகத் தன் ஊர், தன் ஆறு, பக்கத்துக் குன்று எல்லாவற்றின் பெயரும் சொன்னார். ட்ரூயிடுகள் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள். ஏவன் ஆறு, டண்ட்ரி குன்று என்று அந்தப் பெயர்களைக் கருப்பர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அரிவாளை இறக்கினார். மறுநாள் காலையில் சாமி இறங்கிய உடம்புவலியோடு கட்டிலில் கிடந்த பெரியப்பாவிடம், அவர் எப்படி என்று கேட்டேன். "நல்ல பொம்பள. ஆனா அந்தம்மா சாமிக்குப் பங்காளிக யாருமே இல்லையா? வரி யாரு போடுவா? சண்டை யாரோட போடுறது?" என்றார்.

மூன்றாவது கேள்வி. தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். விக்கா கூட்டங்கள் பூட்டிய கதவு, ட்ரூயிட் வட்டங்கள் பெரும்பாலும் திறந்தவை. போவதற்கு முன் அனுமதி கேளுங்கள், படம் எடுக்காதீர்கள், பகிர்ந்துகொள்ள ஏதாவது கொண்டுபோங்கள். எள்ளுருண்டை நன்றாகப் போகும். தேன்மது வேண்டாம் என்றால் ஆப்பிள் சாறு இருக்கும். "எங்க ஊர்ல இது மூவாயிரம் வருஷமா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்திருக்கிறேன், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்து மதத்துக்கு விரோதமா என்று உங்களுக்குத் தயக்கம் இருந்தால், இங்கே கோவில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன்: "கருப்பர் எல்லாம் சிறுதெய்வம்மா, அதை இங்க எதுக்குப் பேசிக்கிட்டு." நான் ட்ரூயிடு கூட்டத்துக்குப் போனதைவிட அவருக்குக் கருப்பர்தான் உறுத்தினார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது தோழி தானும் ஒரு குதிரை நேர்ந்துகொண்டு வந்தார், முழங்கால் அறுவை நல்லபடி முடிய வேண்டும் என்று. முடிந்தது. அடுத்த புரவி எடுப்புக்குப் பணம் அனுப்பினார், கூடவே நானும் ஒன்றுக்கு அனுப்பினேன். பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். கோவில் நோட்டில் எழுதுவதில் சிக்கல். நோட்டில் தலைக்கட்டு வாரியாகத்தான் பக்கம், தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பிளைகள். தோழிக்கு வகையறா இல்லை. எனக்கும் கட்டிக்கொடுத்த பிறகு அந்த நோட்டில் பக்கம் இல்லை. பங்காளிகள் கூடி ஒரு மாலைப்பொழுது பேசியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், பந்தல் சாமான் வாடகைக்கும் உண்டியல் சில்லறைக்கும் நடுவில், 'இதர வரவு' என்ற தலைப்பில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.